வளைந்து கொடுக்காதவர்தான் நல்ல அரசியல்வாதியா?

பதிவு 1 | மேசைவிளக்கு

ஒரு தலைவரைப் புகழ வேண்டுமென்றால் நம்மில் பலருக்கு முதலில் வாயில் வருவது, "அவர் யாருக்கும் வளைந்து கொடுக்காதவர்" என்பதுதான். எதிர்த்தரப்போடு உட்கார்ந்து பேசி, பாதியை வாங்கிக்கொண்டு பாதியை விட்டுவிட்டு வந்தவரை "விலைபோய்விட்டார்" என்கிறோம். இந்த மனநிலையோடு எனக்கு நெடுநாள் சண்டை. வரலாற்றிலிருந்து ஒரே ஒரு நிகழ்வை இங்கே வைக்கிறேன். விவாதம் எந்தப் பக்கம் போகிறதோ போகட்டும்.

1930 மார்ச், பெர்லின். சமூக ஜனநாயகக் கட்சியின் ஹெர்மான் முல்லர் தலைமையில் ஐந்து கட்சிக் கூட்டணி ஆட்சி. ஒரு முனையில் தொழிற்சங்கங்களின் ஆதரவில் நின்ற முல்லரின் கட்சி, மறுமுனையில் ஆலை முதலாளிகளுக்கு நெருக்கமான ஜெர்மன் மக்கள் கட்சி. வேலையில்லாதவர்கள் பெருகிப்போனதால் வேலையிழப்புக் காப்பீட்டு நிதி வற்றிவிட்டது. தொழிலாளியும் முதலாளியும் சேர்ந்து செலுத்திவந்த சந்தா ஊதியத்தில் 3.5 சதவீதம். அதை 4 ஆக்குவதா, உதவித்தொகையைக் குறைப்பதா என்பதுதான் தகராறு. அதாவது அரை சதவீதம். மையக் கட்சியின் ஹைன்ரிஷ் புரூனிங் ஓர் இடைவழி சொன்னார்: சந்தா உயர்வு பற்றிய முடிவை இப்போதைக்குத் தள்ளிவைப்போம் என்று. முல்லர் ஏற்கத் தயாராக இருந்தார். அவருடைய கட்சியின் நாடாளுமன்றக் குழு முடியாது என்றுவிட்டது. மார்ச் 27 அன்று அமைச்சரவை பதவி விலகியது.

வைமர் காலத்தில், அதாவது ஹிட்லருக்கு முந்தைய ஜெர்மன் குடியரசில், நாடாளுமன்றப் பெரும்பான்மையை நம்பி நடந்த கடைசி அரசு அதுதான். அடுத்து வந்த புரூனிங், குடியரசுத் தலைவரின் அவசர ஆணைகளைக் கொண்டு ஆண்டார். செப்டம்பரில் தேர்தல் நடந்தபோது, அதுவரை 12 இடங்கள் வைத்திருந்த நாஜிக் கட்சி 107 இடங்களோடு உள்ளே வந்தது.

முல்லரின் கட்சிக்காரர்கள் கோழைகளும் இல்லை, அயோக்கியர்களும் இல்லை. வேலையிழந்தவனின் பணத்தில் கைவைக்க விடமாட்டோம் என்று நின்றவர்கள். நியாயமான நிலைப்பாடுதான். ஆனால் அவர்கள் காப்பாற்ற நினைத்த அதே உதவித்தொகையைப் பின்னாளில் அவசர ஆணைகள் வெட்டின, அப்போது தடுக்க அவர்கள் ஆட்சியில் இல்லை. விட்டுக்கொடுக்க மறுப்பதற்கும் ஒரு விலை உண்டு, அந்த ரசீது கொஞ்சம் தாமதமாக வந்து சேர்கிறது, அவ்வளவுதான்.

பதிவு 2 | எதிர்வரிசை

நல்லது. இனிமேல் தொகுதிப் பங்கீட்டில் இரண்டு இடம் கூடுதலாக வாங்கியவுடன் நேற்றுவரை ஊழல் என்று திட்டியவரோடு கைகுலுக்குவதற்கும் "ஜனநாயகத்தைக் காக்கிறேன்" என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். நம்மவர்களுக்கு இதையெல்லாம் பெர்லினிலிருந்து கற்றுக்கொடுக்க வேண்டுமா என்ன?

பதிவு 3 | கொள்கைக்குன்று

மேசைவிளக்கு, உங்கள் 1930 கதையில் ஒரு முக்கியமான ஆள் வரவேயில்லை. குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க்கைச் சுற்றியிருந்தவர்கள், குறிப்பாக ராணுவத் தரப்பின் ஷ்லைஹர், சமூக ஜனநாயகவாதிகள் இல்லாத, நாடாளுமன்றத்தை நம்பாத ஓர் அரசுக்கு அதற்கு முன்பே திட்டம் போட்டுவிட்டார்கள். முல்லரின் கட்சி அந்த அரை சதவீதத்தை விட்டுக்கொடுத்திருந்தால் அடுத்த மாதம் வேறொரு காரணத்தைக் கண்டுபிடித்திருப்பார்கள். ஆட்டத்தையே கலைக்க வந்தவனிடம் எதைக் கொடுத்தும் பயனில்லை.

அடுத்து, சமரசத்தின் புகழ்பாடுகிறவர்கள் தொடாமல் விடும் வரலாறு ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் வரலாறு. 1787இல் அரசியலமைப்பு எழுதும்போது, மாநிலங்களுக்கு இடம் ஒதுக்கும் மக்கள்தொகைக் கணக்கில் ஓர் அடிமையை ஐந்தில் மூன்று ஆளாக எண்ணுவது என்று பேசி முடித்தார்கள். 1820இல் மிசௌரி சமரசம்: 36 பாகை 30 கலை அட்சக்கோட்டில் ஒரு கோடு போட்டு, அதற்கு வடக்கே அடிமைமுறை கூடாது, தெற்கே இருந்துகொள்ளட்டும் என்றார்கள். 1850இல் இன்னொன்று. அதில் தப்பியோடிய அடிமையைப் பிடித்துத் திருப்பிக் கொடுக்க வடமாநிலங்களையும் கட்டாயப்படுத்தும் சட்டம் இருந்தது. பின்னிரண்டிலும் முன்நின்ற ஹென்றி கிளேவுக்கு "மாபெரும் சமரசக்காரர்" என்ற பட்டம் வேறு. உள்நாட்டுப் போர் முடிந்த பிறகாவது திருந்தினார்களா? 1877இல், முடிவு தகராறான தேர்தலில் ஹேய்ஸ் அதிபராவதை ஒரு தரப்பு ஒப்புக்கொள்ள, தெற்கிலிருந்து ராணுவத்தை விலக்கிக்கொள்ள மறுதரப்பு ஒப்புக்கொண்டது. அங்கிருந்த கறுப்பின மக்களின் வாக்குரிமை அடுத்த சில பத்தாண்டுகளில் சுத்தமாகத் துடைக்கப்பட்டது.

ஒவ்வொரு முறையும் நாடு "காப்பாற்றப்பட்டது". ஒவ்வொரு முறையும் கைகுலுக்கியவர்கள் கனவான்கள். யாருடைய முதுகின் மேல் கைகுலுக்கினார்கள் என்பதுதான் என் கேள்வி.

பதிவு 4 | மேசைவிளக்கு

கொள்கைக்குன்று, ஷ்லைஹர் பற்றிச் சொன்னது சரிதான். ஆனால் கலைக்கக் காத்திருந்தவன் ஒருவன் இருந்தான் என்பது, கதவைத் திறந்துவிட்டவர்களுக்குச் சாதகமான வாதமாக எனக்குத் தெரியவில்லை. அவன் காத்திருக்கிறான் என்று தெரிந்தால் கதவை இன்னும் இறுக்கமாகத்தானே பிடிக்க வேண்டும்?

அமெரிக்கப் பட்டியலை நான் மறுக்கப்போவதில்லை. உண்மையில் அதை என் பக்கம் இழுத்துக்கொள்ளலாம் என்று பார்க்கிறேன். 1787இல் ஒரே மாநாட்டில், ஒரே கோடையில் இரண்டு சமரசங்கள் நடந்தன. ஒன்று நீங்கள் சொன்ன ஐந்தில் மூன்று. மற்றொன்று கனெக்டிகட் சமரசம். பெரிய மாநிலங்கள் மக்கள்தொகைப்படி இடம் கேட்டன, சிறிய மாநிலங்கள் எல்லோருக்கும் சம இடம் கேட்டன. கடைசியில் கீழவையில் மக்கள்தொகைப்படி, செனட்டில் சமம் என்று முடிந்தது. ஜூலை 16 அன்று வாக்கெடுப்பில் ஐந்துக்கு நான்கு, மாசசூசெட்ஸ் தனக்குள்ளேயே பிளந்து நின்றது. ஒரு மயிரிழையில்தான் அந்த நாடு உருவானது.

இந்த இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? கனெக்டிகட் சமரசத்தில் விட்டுக்கொடுத்தவர்கள் இருவரும் அறைக்குள் இருந்தார்கள். வர்ஜீனியா தன்னுடையதை விட்டது, நியூ ஜெர்ஸி தன்னுடையதை விட்டது. ஐந்தில் மூன்றில், அறைக்குள் இருந்தவர்கள் இருவரும் லாபம் பார்த்தார்கள். விலை கொடுத்தவருக்கு அறைக்கு வெளியே நிற்கக்கூட அனுமதியில்லை. அது சமரசத்தின் வடிவத்தில் நடந்த பங்குபிரிப்பு. மற்றவருடையதை எடுத்துப் பங்குபோடுவதற்கு வேறு பெயர் இருக்கிறது.

ஆக ஒரு சமரசத்தை எடைபோட நான் முதலில் கேட்பது, இழப்பு யாருக்கு, அவர் பேச்சுவார்த்தையில் இருந்தாரா என்பதுதான். கொள்கைப் பிடிப்பு அதிகமா குறைவா என்பதெல்லாம் அதற்குப் பின்னால்.

இதில் ஒரு குறை இருக்கிறது, நானே சொல்லிவிடுகிறேன். செனட்டில் சம இடம் என்பதை, சம்பந்தப்பட்ட மாநிலத்தின் சம்மதமில்லாமல் மாற்றவே கூடாது என்று அரசியலமைப்பிலேயே பூட்டிவைத்துவிட்டார்கள். இன்று கலிபோர்னியாவுக்கும் இரண்டு செனட்டர், வயோமிங்குக்கும் இரண்டு. 1787இல் அறைக்குள் இருந்தவர்களுக்கு அது நியாயம். பிறக்காதவர்களை யார் கேட்டார்கள்? எனவே திரும்பத் திறந்து பேச வழி வைத்திருக்கிறார்களா என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

பதிவு 5 | முன்னாள் செயலாளர்

இளைஞர்கள் புத்தகங்களிலிருந்து பேசுகிறீர்கள், சந்தோஷம். நான் தொழிற்சங்கத்தில் ஊதிய ஒப்பந்தம் பேசியவன். அரசாங்கம் நடத்துவதும் இதுவும் ஒன்றல்ல என்று தெரியும். ஆனாலும் வெளியே நிற்பவர்களுக்குத் தெரியாத ஒரு விஷயம் உண்டு.

கடைசி நாள் இரவுப் பேச்சுவார்த்தையில் பணம் பற்றிய தகராறு பெரும்பாலும் முடிந்திருக்கும். நிர்வாகத்தின் எண்ணும் எங்கள் எண்ணும் எங்கே சந்திக்கும் என்று இரு தரப்புக்கும் மாலையிலேயே தெரிந்துவிடும். அதற்குப் பிறகு நள்ளிரவு தாண்டியும் எதற்காக உட்கார்ந்திருப்போம் என்றால், வாசகத்துக்காக. அவர் தன் மேலிடத்திடம் "நான் அடிப்படைச் சம்பளத்தைத் தொடவிடவில்லை" என்று சொல்ல வேண்டும். நான் காலை ஷிப்ட் வரும் நேரத்தில் வாயிற்கூட்டத்தில் ஏறி "சம்பளம் உயர்ந்திருக்கிறது" என்று சொல்ல வேண்டும். இரண்டும் பொய்யில்லாமல் இருக்க வேண்டும். கூடுதல் தொகையைத் தனிப்படியாகக் காட்டி, இரண்டாம் ஆண்டு முடிவில் அடிப்படைச் சம்பளத்தில் சேர்த்துவிடுவது என்று ஒரு பத்தி எழுதுவோம். அந்த ஒரு பத்திக்காகத்தான் விடியும்வரை உட்கார்ந்திருப்பது. நிர்வாகத் தரப்பு அதிகாரி ஒருவர் என்னிடம் ஒருமுறை கேட்டார்: "உங்கள் ஆட்களிடம் இதை எப்படிச் சொல்வீர்கள்? அதை முதலில் சொல்லுங்கள், அதற்கேற்ப எழுதுகிறேன்." நான் சந்தித்தவர்களிலேயே கெட்டிக்காரர் அவர். எதிராளியும் தன் வீட்டுக்குப் போய் முகம் காட்ட வேண்டியவன் என்று புரிந்துகொண்டவர்.

வாயிற்கூட்டத்தில் முட்டை வீசியதும் உண்டு. வாங்கிக்கொண்டுதான் பேசுவோம். ஏனென்றால் கையெழுத்துப் போடுவது பாதி வேலைதான். முல்லரின் தோல்வி அந்த மீதிப் பாதியில் நடந்திருக்கிறது என்று எனக்குப் படுகிறது. தலைவர் ஒப்புக்கொண்டார், தன் ஆட்களை ஒப்புக்கொள்ளவைக்க முடியவில்லை.

பதிவு 6 | பனைநிழல்

முன்னாள் செயலாளர் ஐயா சொன்ன அந்த மீதிப் பாதிக்கு இலங்கையை விடப் பெரிய உதாரணம் தேவையில்லை.

1956இல் பண்டாரநாயக்க சிங்களம் மட்டும் சட்டத்தைக் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டு ஜூலை 26ஆம் திகதி அவரே தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகத்தோடு உடன்படிக்கை செய்துகொண்டார். அதில் இருந்தவற்றைப் பார்த்தால் இன்றைக்கும் வியப்பாக இருக்கும். தமிழரசுக் கட்சி சமஷ்டி, அதாவது கூட்டாட்சி, கேட்டது, உடன்படிக்கையில் சமஷ்டி இல்லை. பிராந்திய சபைகள் அமைப்பது, விவசாயம், கல்வி, குடியேற்றத் திட்டங்களுக்கு ஆட்களைத் தெரிவுசெய்வது போன்ற அதிகாரங்களை அவற்றுக்குக் கொடுப்பது என்றுதான் இருந்தது. சிங்களம் உத்தியோகபூர்வ மொழி என்பதும் மாறவில்லை. வடக்கிலும் கிழக்கிலும் நிர்வாகத்தைத் தமிழில் நடத்தலாம் என்று மட்டும் ஏற்றுக்கொள்ளப்பட்டது. இரண்டு தரப்பும் தங்கள் கொடியைக் கொஞ்சம் கீழே இறக்கின. செல்வநாயகத்தையும் தமிழர்களில் சிலர் துரோகி என்றார்கள். அவர் அதைத் தாங்கிக்கொண்டார்.

ஆனால் எதிர்க்கட்சிக்கு இது வாய்ப்பாகிவிட்டது. ஐக்கிய தேசியக் கட்சியின் ஜே. ஆர். ஜெயவர்தன அக்டோபரில் கண்டிக்கு நடைபயணம் புறப்பட்டார், உடன்படிக்கையை எதிர்த்து. இம்புல்கொடவில் அதைத் தடுத்து நிறுத்தினார்கள். இத்தனைக்கும் அந்தக் கட்சி ஆட்சியில் இருந்திருந்தால் அதுவும் ஏதோவொரு உடன்பாட்டுக்கு வந்திருக்கும். 1965இல் அதே கட்சியின் டட்லி சேனாநாயக்க செல்வநாயகத்தோடு இன்னொரு ஒப்பந்தம் செய்தாரே! அப்போது எதிர்த்தது யார்? பண்டாரநாயக்கவின் கட்சி. வரிசை மாறி நின்றார்கள், பாட்டு ஒன்றுதான்.

1958 ஏப்ரல் 9ஆம் திகதி பிக்குகள் பிரதமரின் வீட்டு முன்னால் அமர்ந்து போராடினார்கள். பண்டாரநாயக்க அன்றே உடன்படிக்கையைக் கைவிட்டுவிட்டார். அடுத்த மாதம் கலவரம். அதற்குப் பிறகு நடந்ததை இங்கே எழுத எனக்கு மனமில்லை, எல்லோருக்கும் தெரியும்.

அந்த இரண்டு பேரும் அறைக்குள் இருந்தார்கள், மேசைவிளக்கு. இழப்பவர்கள் இருவரும் இருந்தார்கள், இருவரும் கையெழுத்து வைத்தார்கள். உங்கள் சோதனையில் அது முழு மதிப்பெண் வாங்கியிருக்கும். ஆனாலும் ஒரு வருடம் தாங்கவில்லை.

பதிவு 7 | முதலாண்டு

அரசியல் அறிவியல் படிக்கத் தொடங்கியிருப்பவள். ஒரு சந்தேகம், தவறாக எண்ண வேண்டாம். ஒரு கட்சி தேர்தல் அறிக்கை வெளியிடுகிறது, மக்கள் அதைப் படித்துப் பெரும்பான்மை கொடுக்கிறார்கள். பிறகு அது தோற்ற கட்சியோடு எதற்காகச் சமரசம் செய்ய வேண்டும்? அப்படிச் செய்தால் வாக்களித்தவர்களை ஏமாற்றுவதாகாதா?

பதிவு 8 | எதிர்வரிசை

தேர்தல் அறிக்கையைப் படித்துவிட்டு வாக்களித்தவரை நேரில் பார்த்தால் எனக்கும் அறிமுகப்படுத்துங்கள், தங்கையே.

பதிவு 9 | சட்டப்பிரிவு

முதலாண்டு, உங்கள் கேள்வி நல்ல கேள்வி. மேலே உள்ளவரைப் பொருட்படுத்த வேண்டாம், அவர் இப்படித்தான்.

இருவிதமாகப் பதில் சொல்லலாம். முதலாவது, வாக்கு விகிதம். தொகுதிவாரியாக அதிக வாக்கு பெற்றவர் வெல்லும் முறையில், பதிவான வாக்குகளில் பாதியைத் தொடாமலேயே அவையில் பெரும்பான்மை கிடைத்துவிடும். இந்தியாவில் 1984இல் காங்கிரஸ் 400க்கும் மேற்பட்ட இடங்களை வென்றபோதுகூட அதன் வாக்கு விகிதம் 50ஐ எட்டவில்லை. "மக்கள் எனக்குத்தான் கொடுத்தார்கள்" என்பதில் எவ்வளவு உண்மை இருக்கிறதோ அவ்வளவு மிகையும் இருக்கிறது.

இரண்டாவது, சட்டம் போட்ட மறுநாள் அதை நடத்திக்காட்ட வேண்டும். அதற்குத் தோற்றவர்களின் ஒத்துழைப்பும் வேண்டும். இதை உணர்ந்து, பேசித் தீர்ப்பதைத் தவிர வேறு வழியே இல்லாதபடி அமைக்கப்பட்ட ஓர் அமைப்பைச் சொல்கிறேன்: ஜிஎஸ்டி மன்றம். 2016ஆம் ஆண்டின் 101ஆவது திருத்தத்தில் பிறந்தது. மொத்த வாக்கு மதிப்பில் மூன்றில் ஒரு பங்கு ஒன்றிய அரசுக்கு, மூன்றில் இரண்டு பங்கு எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து. ஒரு முடிவு நிறைவேற நான்கில் மூன்று பங்கு வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். மாநிலங்கள் அத்தனையும் ஒன்றுசேர்ந்தாலும் ஒன்றியம் இல்லாமல் நிறைவேற்ற முடியாது. ஒன்றியமும் கணிசமான மாநிலங்கள் இல்லாமல் நகர முடியாது. உற்பத்தி அதிகமுள்ள மாநிலங்கள் வருவாய் போய்விடும் என்று பல ஆண்டுகள் முட்டுக்கட்டை போட்டன. 2015-16 வருவாயை அடிப்படையாக வைத்து ஆண்டுக்கு 14 சதவீத வளர்ச்சிக்குக் குறைந்தால் ஐந்தாண்டுகளுக்கு இழப்பீடு தருகிறோம் என்று எழுதிக்கொடுத்த பிறகுதான் வழிவிட்டன. மன்றம் தொடங்கி ஏறத்தாழ மூன்றாண்டுகள் வாக்கெடுப்பே நடக்கவில்லை. முதல் வாக்கெடுப்பு 2019 டிசம்பரில், லாட்டரிச் சீட்டுக்கான வரி பற்றியது! அந்த அமைப்பு நியாயமாக நடக்கிறதா என்பது வேறு விவாதம், மாநிலங்களின் மனக்குறைகளுக்குக் காரணம் இருக்கிறது. நான் சொல்வது விதிமுறையின் வடிவத்தைப் பற்றி மட்டும்.

இதற்கு நேர்மாறான வடிவமும் நம்மிடமே இருக்கிறது. 1985இல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டம். உறுப்பினர்கள் கட்சிவிட்டுக் கட்சி தாவும் "ஆயாராம் கயாராம்" கூத்தை நிறுத்தத்தான் கொண்டுவந்தார்கள். ஆனால் கொறடா உத்தரவை மீறி ஒரு மசோதாவில் ஒரே ஒரு வாக்கு மாற்றிப் போட்டாலும் பதவி பறிபோகும் என்று ஆகிவிட்டதால், ஒரு சாதாரண உறுப்பினரைத் தேடிப்போய் வாதம் செய்து மனத்தை மாற்ற எவருக்கும் காரணமில்லை. அவர் மனம் மாறி என்ன ஆகப்போகிறது? பேரம் கட்சித் தலைமைகளுக்கு இடையே மட்டும், அதுவும் அவைக்கு வெளியே. உள்ளே நடப்பது உரையும் வெளிநடப்பும். மசோதாவைக் குழுவுக்கு அனுப்பி ஒவ்வொரு உட்பிரிவாகப் பேசுவதுதான் விட்டுக்கொடுத்தலுக்கான உண்மையான இடம், ஏனெனில் அங்கே கேமரா கிடையாது. கேமரா முன்னால் யாரும் இறங்கிவர மாட்டார்கள். வெளிப்படைத்தன்மை வேண்டும் என்கிறவர்கள் என்னை அடிக்க வருவார்கள், வரட்டும்.

பதிவு 10 | மட்டுறுத்துநர்

தற்போதைய கூட்டணிகளைப் பற்றிய இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். கட்சிச் சண்டைக்கு வேறு இழை இருக்கிறது.

பதிவு 11 | கொள்கைக்குன்று

அடிக்க வரவில்லை, ஆனால் ஒரு கேள்வி. மூடிய அறையைச் சட்டப்பிரிவு புகழ்கிறார். அந்த அறைக்குள் ஒருவர் கழுத்தில் கத்தி வைக்கப்பட்டிருந்தால்?

1932 செப்டம்பர் 24, புனா ஒப்பந்தம். ஒடுக்கப்பட்டோருக்குத் தனி வாக்காளர் தொகுதி என்று பிரிட்டிஷ் அரசு அறிவித்திருந்தது. காந்தி எரவாடா சிறையில் சாகும்வரை உண்ணாவிரதம் தொடங்கினார். அம்பேத்கர் முன் இருந்த தேர்வு என்ன? கையெழுத்துப் போடாமல் காந்தி இறந்தால், நாடெங்கும் கிராமங்களில் யார் அடி வாங்கியிருப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். போட்டார். தனித் தொகுதி போனது. பொதுத் தொகுதிகளுக்குள் 148 ஒதுக்கீட்டு இடங்கள் வந்தன, முன்பு அறிவித்ததைவிட எண்ணிக்கை அதிகம்தான். ஆனால் அந்த இடங்களில் யார் வெல்வது என்பதைப் பெரும்பான்மைச் சாதிகளின் வாக்கு தீர்மானிக்கும். பிற்காலத்தில் அம்பேத்கரே இதை மிகக் கடுமையாக விமர்சித்தார். இழப்பவர் அறைக்குள் இருந்தார், மேசைவிளக்கு. இருந்தால் போதுமா?

இன்னொன்று. ஒத்துப்போகும் அரசியலுக்கு எல்லோரும் சுவிட்சர்லாந்தைக் காட்டுவார்கள். 1959 முதல் ஏழு அமைச்சர் பதவிகளை நான்கு பெரிய கட்சிகள் 2, 2, 2, 1 என்று பங்கிட்டுக்கொண்டு பல பத்தாண்டுகள் ஆண்டன. "மாய சூத்திரம்" என்று பெயர். அருமை. அந்த நாட்டில் பெண்களுக்கு தேசிய அளவில் வாக்குரிமை எப்போது வந்தது தெரியுமா? 1971. நான்கு கட்சிகளும் சண்டையில்லாமல் ஆண்டுகொண்டிருந்த முதல் பன்னிரண்டு ஆண்டுகள் நாட்டின் பாதிப்பேர் வெளியேதான் நின்றார்கள். வீட்டுக்குள் அமைதியாக இருந்தால் வாசலில் நிற்பவரின் குரல் கேட்பதில்லை.

பதிவு 12 | எதிர்வரிசை

பெல்ஜியத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2010 தேர்தலுக்குப் பிறகு யார் யாரோடு சேர்வது என்று பேசி முடிக்க 541 நாள். அதுவரை பொறுப்பு அரசுதான் நாட்டை ஓட்டியது, அதுவும் நன்றாகவே ஓட்டியது. அரசியல்வாதிகள் பேசிக்கொண்டே இருந்தால் போதும் போலிருக்கிறது, ஆளத் தேவையில்லை.

பதிவு 13 | மேசைவிளக்கு

எதிர்வரிசை, அந்த 541 நாளில் அங்கே ஒருவரும் துப்பாக்கி எடுக்கவில்லை. மொழிவழியாகப் பிளந்து கிடக்கும் ஒரு நாட்டுக்கு அது சின்ன விஷயமில்லை.

கொள்கைக்குன்று எழுப்பியது கனமான கேள்வி. அறைக்குள் இருப்பது மட்டும் போதாது, எழுந்து போகவும் முடிய வேண்டும். "வேண்டாம்" என்று சொல்லும் உரிமையை உண்ணாவிரதம் அம்பேத்கரிடமிருந்து பறித்துவிட்டது. அதை நான் சமரசத்தின் வெற்றிப் பட்டியலில் ஒருபோதும் சேர்க்க மாட்டேன்.

எழுந்து போகும் வலிமை இருதரப்புக்கும் இருந்த இடம் என்றால் தென்னாப்பிரிக்கா. 1992இல் பேச்சு முறிந்து கிடந்தது. வெள்ளையர் அரசால் எதிர்ப்பை நசுக்க முடியவில்லை, ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரஸால் அரசைக் கவிழ்க்க முடியவில்லை. அப்போது இறங்கிவரலாம் என்று முதலில் எழுதியவர் யார் தெரியுமா? மிதவாதி யாரும் இல்லை. கம்யூனிஸ்ட் கட்சியின் ஜோ ஸ்லோவோ. பல்லாண்டுகள் நாடுகடத்தலில் இருந்து ஆயுதப் போராட்டத்தை நடத்தியவர், மனைவி ரூத் ஃபர்ஸ்டை அரசு அனுப்பிய பார்சல் குண்டுக்கு 1982இல் பறிகொடுத்தவர். குறிப்பிட்ட காலத்துக்கு அதிகாரத்தைப் பகிர்ந்துகொள்வோம், இப்போதுள்ள அரசு ஊழியர்களின் வேலைக்கு உறுதி கொடுப்போம், அந்தக் காலம் முடிந்ததும் அந்தச் சலுகை தானாக மறையட்டும் என்றார். அவருடைய கட்சியிலேயே கொதித்தார்கள். அவரை விலைபோனவர் என்று சொல்ல மட்டும் யாருக்கும் வாய் வரவில்லை. 1993இன் இடைக்கால அரசியலமைப்பில் அது ஐந்தாண்டு தேசிய ஒற்றுமை அரசாக வந்தது. 80 இடம் பெறும் எந்தக் கட்சியும் ஒரு துணை அதிபரை நியமிக்கலாம் என்று இருந்தது, வெள்ளையர் அரசின் அதிபராக இருந்த டி கிளார்க் அப்படித்தான் துணை அதிபரானார். 1996இல் அவர் கட்சி தானாகவே வெளியேறியது, ஆட்சி கவிழவில்லை.

அந்த ஏற்பாட்டில் எனக்குப் பிடித்தது முடிவுத் தேதி. விட்டுக்கொடுத்தது என்றென்றைக்கும் இல்லை என்று இருதரப்புக்கும் தெரிந்திருந்தது. செனட் பூட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பதிவு 14 | பனைநிழல்

ஸ்லோவோவுக்குப் பின்னால் மண்டேலா இருந்தார். கட்சிக்குள் கொதித்தவர்களை அடக்க அவரால் முடிந்தது. பண்டாரநாயக்கவின் அமைச்சரவைக்குள்ளேயே உடன்படிக்கையை வெறுத்தவர்கள் இருந்தார்கள். பலமான தலைவர் இறங்கிவந்தால் பெருந்தன்மை என்பார்கள், பலவீனமானவர் இறங்கிவந்தால் சரணாகதி என்பார்கள். ஆகவே பலவீனமானவர் இறங்குவதில்லை. பாராளுமன்றத்தில் பெரும்பான்மை இருந்தும் 1958இல் நடந்தது இதுதான்.

பதிவு 15 | கொள்கைக்குன்று

தென்னாப்பிரிக்காவில் இன்னொரு சமரசத்தையும் சொல்லுங்களேன். சொத்துரிமைப் பிரிவு. நிலம் யாரிடம் இருந்ததோ அவரிடமே, எடுத்தால் இழப்பீடு கொடுத்துத்தான் எடுக்க வேண்டும் என்பது. 1994இல் ஐந்தாண்டில் விவசாய நிலத்தில் 30 சதவீதத்தை மறுபங்கீடு செய்வோம் என்று அறிவித்தார்கள். அந்த இலக்கின் அருகில்கூட வரவில்லை, தேதியைத் தள்ளித் தள்ளி வைத்தார்கள். அதிகாரப் பகிர்வுக்கு முடிவுத் தேதி இருந்தது, நிலத்துக்கு இல்லை. முடிவுத் தேதி எந்தப் பிரிவுக்கு வைக்கிறார்கள், எதற்கு வைக்காமல் விடுகிறார்கள் என்பதிலேயே யார் கை ஓங்கியிருந்தது என்று தெரிந்துவிடும்.

பதிவு 16 | முன்னாள் செயலாளர்

இது உண்மை. எங்கள் ஒப்பந்தங்களில் ஆட்குறைப்பு பற்றிய பத்திக்கு ஒருபோதும் காலவரம்பு இருந்ததில்லை. ஊக்கத்தொகைக்கு மட்டும் தவறாமல் இருக்கும்.

பதிவு 17 | முதலாண்டு

சட்டப்பிரிவு ஐயா, முல்லர் கதையில் புரூனிங் சொன்னது தள்ளிவைக்கும் யோசனை. தென்னாப்பிரிக்காவிலும் காலக்கெடு. தீர்க்காமல் தள்ளிப்போடுவதையும் சமரசம் என்று எடுத்துக்கொள்ளலாமா? அல்லது அடுத்தவர் தலையில் கட்டுவதா?

பதிவு 18 | சட்டப்பிரிவு

இரண்டுமாகவும் இருக்கலாம், இடையில் கிடைத்த காலத்தில் என்ன செய்தார்கள் என்பதைப் பொறுத்தது.

1949 செப்டம்பர் 14 அன்று அரசியல் நிர்ணய சபை மொழிப் பிரச்சினையை முன்ஷி-அய்யங்கார் சூத்திரத்தின்படி முடித்தது. இந்தி ஆட்சிமொழி, எண்களுக்குச் சர்வதேச வடிவம், ஆங்கிலம் 15 ஆண்டுகள் தொடரும். எண் வடிவத்துக்காகக்கூட அங்கே பெரும் சண்டை நடந்திருக்கிறது! தெற்கிலிருந்து வந்தவர்கள் 15 ஆண்டுகள் கிடைத்ததே என்றார்கள், இந்தி ஆதரவாளர்கள் 15 ஆண்டுகளில் முடிந்துவிடும் என்றார்கள். ஒரே எண்ணைப் பார்த்து இருவரும் வெவ்வேறு எதிர்காலத்தைக் கண்டார்கள். கெடு 1965 ஜனவரி 26 அன்று முடிந்தபோது தமிழ்நாடு பற்றியெரிந்தது. உயிர்கள் போயின. ஒன்றிய அமைச்சர்கள் சி. சுப்பிரமணியமும் ஓ. வி. அளகேசனும் ராஜினாமா கடிதம் கொடுத்தார்கள். பிறகுதான் 1967ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் வந்தது. இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத எல்லா மாநிலங்களின் சட்டமன்றங்களும் தீர்மானம் போட்டு, அதன்பின் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் தீர்மானம் போடும்வரை ஆங்கிலம் தொடரும் என்று. அதில் ஆண்டுக் கணக்கு இல்லை, ஒரு மாநிலம் தலையசைக்காவிட்டாலும் நகராது. முதல் ஏற்பாடு தேதியை நம்பியது, இரண்டாவது சம்மதத்தை நம்பியது. இரண்டாவதுதான் நிற்கிறது.

தொகுதி எண்ணிக்கைக்கும் இதே கதைதான். மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய மாநிலங்கள் மக்களவை இடங்களை இழக்கக் கூடாது என்று 1976இல் 42ஆவது திருத்தம் 1971 கணக்கெடுப்பின்படியே இடங்களை உறையவைத்தது, 2000 வரை. 2001இல் 84ஆவது திருத்தம் அதை 2026க்குப் பிறகு எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டித்தது. இரண்டு முறையும் தேதிதான் எழுதினார்கள். ஒரு மாநிலத்தின் பங்கு குறைவதென்றால் யாருடைய சம்மதம் வேண்டும், பதிலுக்கு அதற்கு என்ன கிடைக்கும் என்று ஒரு வரிகூட எழுதவில்லை.